வானத்தை வேஸ்ட் பண்ணாத மாஸ்டர்

கம்ப்யூட்டர் திரையைத் தடவிப் பார்த்து, "இதுக்கு முதுகு எந்தப் பக்கம்?" என்று கேட்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் வேஸ்ட் மாஸ்டராகத்தான் இருக்க முடியும். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து எத்தனையோ மேதைகள் அதன் முன்னால் உட்கார்ந்து எழுந்துபோயிருக்கிறார்கள். ஒருவருக்காவது இந்தச் சந்தேகம் வந்திருக்குமா? அதற்கு ஆம்பூரில் ஒருவர், அறுபத்து மூன்று வயதில், ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் தொங்கிக்கொண்டு வந்து சேர வேண்டியிருந்தது.

அப்போது பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தொழில்நுட்ப ஆர்வலன் என்று நினைத்து மரியாதை கொடுத்துவிடுவீர்கள், எனக்குப் பழக்கமில்லை.

ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் காகிதங்களுக்கு முத்திரை குத்துவது என் பிழைப்பு. வாரம் ஒருமுறை பத்திரிகையில் எழுதி இப்படி உங்களைத் தொந்தரவு செய்வது என் கெட்ட பழக்கம். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி புனேவுக்குப் போனாள். குழந்தை பிறந்து, கவிழ்ந்து, தவழ்ந்து, நின்று, இப்போது ஓடுகிறதாம். மனைவிதான் இன்னும் கிளம்பவில்லை. தினமும் ராத்திரி போன் வரும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"கேஸ மூடினீங்களா?"

"மூடியாச்சு."

பின்னால் பேரன் எதையோ கவிழ்க்கும் சத்தம் கேட்கும். "ஐயோ, இருடா" என்ற அலறலோடு லைன் போய்விடும். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால், வீட்டில் எனக்காகக் காத்திருப்பது காலையில் நானே கழுவாமல் போட்டுவிட்டு வந்த தட்டு. சீக்கிரம் போய் அதன் முகத்தில் விழிக்க எனக்கு எந்த அவசரமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பைபாஸ் பக்கம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அந்தப் பலகையைப் பார்த்தேன். 'ஆரம்பநிலை புரோகிராமிங். மாலை வகுப்பு. வயது வரம்பு கிடையாது.' ஆபீசில் கேட்டவர்களிடம், "செயற்கை நுண்ணறிவெல்லாம் வந்துடுச்சே, நாமளும் தயாரா இருக்க வேணாமா?" என்றேன். நான் தயாராக இருந்தது ஏழு மணி வரை எங்கேயாவது உட்கார்ந்திருப்பதற்குத்தான்.

வகுப்பில் ஆறு பேர். நான்கு பேர் கல்லூரிப் பிள்ளைகள். காதில் ஒயரோடு வருவார்கள், காதில் ஒயரோடு போவார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவன் நான், இன்னொருவர் மாஸ்டர். சொல்லிக்கொடுத்தது ஷபானா மிஸ். இருபத்து மூன்று வயது இருக்கும். கறுப்பு பர்தா, வெள்ளை கேன்வாஸ் ஷூ, எவ்வளவு முட்டாள்தனமான கேள்விக்கும் சிரிக்காமல் பதில் சொல்கிற பொறுமை. அந்தப் பொறுமைக்கு முதல் நாளே சோதனை வந்தது.

பாடம் ரொம்பச் சின்னது. திரையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்கு 'ஆமை' என்று பெயர். நூறு அடி முன்னால் போ என்று எழுதினால் அது கோடு போட்டுக்கொண்டே போகும். தொண்ணூறு டிகிரி திரும்பு என்றால் திரும்பும். நான்கு முறை சொன்னால் சதுரம். கலர் சொன்னால் உள்ளே நிரப்பும். எழுது என்றால் சொன்ன இடத்தில் எழுதும். மனைவியை விடவும் சொன்ன பேச்சு கேட்கிற ஜீவன் என்று நான் உள்ளுக்குள் ஒரு ஜோக் அடித்து, கேட்க ஆளில்லாமல் நானே சிரித்துக்கொண்டேன். அப்போதுதான் மாஸ்டர் திரையை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முதுகா?" என்றாள் ஷபானா மிஸ்.

"ஆமாம்மா. தோலுன்னா முதுகு இருக்கும், வயிறு இருக்கும். முதுகுப் பக்கம் கெட்டி. நல்ல துண்டெல்லாம் அங்கதான் வெட்டணும். வயிறு இழுத்தா வரும், அங்க வெட்டினா ஷூ ஒரே மாசத்துல தொங்கிடும். அதான் கேக்கறேன், இதுக்கு எங்க?"

"நடுவுலதான் அங்கிள் ஸீரோ ஸீரோ இருக்கு, ஆமை அங்கருந்துதான் கெளம்பும்."

"அப்ப நடுவுல முதுகு, ஓரத்துல வயிறு. அத்த மொதல்லயே சொல்லிட வேண்டியதுதானே."

மாஸ்டர் முப்பத்தைந்து வருடம் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் கையால் தோல் வெட்டியவர். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுகிற முதல் ஜோடியை வெட்டுகிறவர் என்பதால் அவருக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு தோலில் இவர் ஒரு ஜோடி வெட்டினால் துண்டுகளுக்கு நடுவில் ஈ உட்கார இடமிருக்காது என்பார்கள். அடுத்த மேஜைக்காரன் துண்டுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் போதும், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து, "டேய், வேஸ்ட்டு! வேஸ்ட்டு!" என்று கத்துவாராம். அந்தக் கத்தலே பெயராக நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட 'வேஸ்ட் மாஸ்டர் அவர்கள்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவரும் கோபப்படாமல் போய் மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் ஷபானா மிஸ் உள்ளே வந்ததும், "யா அல்லா!" என்றாள். மாஸ்டரின் மானிட்டரில், வலது பக்கம் மேலே, வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"இன்னா அங்கிள் இது? மானிட்டர்ல கிறுக்கி வெச்சிருக்கீங்க!"

"கிறுக்கலம்மா, மார்க் பண்ணேன். இங்க பாரு, உண்ணி கடிச்சிருக்கு."

குனிந்து பார்த்தோம். திரையில் கடுகளவு ஒரு புள்ளி செத்துப்போயிருந்தது. அந்த மானிட்டரில் இரண்டு வருடமாகப் பாடம் படித்தவர்கள் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

"தோல்ல இப்டி இருந்தா வெள்ளிப் பேனால வட்டம் போட்டுட்டு, அத்த வுட்டுட்டுத்தான் வெட்டணும். இல்லன்னா ஷூவோட மூஞ்சியில வந்து ஒக்காந்துக்கும். வெளிநாட்டுக்காரன் ஜோடிய அப்டியே திருப்பிடுவான்."

"இதுல யாரும் திருப்ப மாட்டாங்க அங்கிள்!"

"அது உங்களுக்கு. எனக்குத் திருப்புவான்."

அதற்குப் பிறகு அவர் வரைந்த ஒரு படமும் அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததில்லை.

முதல் வாரக் கடைசியில் பரீட்சை மாதிரி ஒரு பயிற்சி. ஒரு வீடு, ஒரு மரம், ஒரு சூரியன் வரைய வேண்டும். கீழே 'WELCOME' என்று எழுத வேண்டும். நான் வரைந்த வீட்டின் நான்காவது சுவர் முதல் சுவரைச் சந்திக்க மறுத்துவிட்டது. கணக்கில் எங்கோ பத்து குறைந்திருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க வூடு காத்து வாங்குதே."

"வெயில் காலம் மாஸ்டர்."

"தையல்காரப் பொண்ணுங்க கிட்ட இத்த குடுத்தா உங்களையே சேத்துத் தைச்சுடுவாங்க."

அவருடைய படத்தைப் பார்க்க ஷபானா மிஸ் வந்தாள். வந்தவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தாள். வீடு நடுவில் இருந்தது, அது சரி. கூரையின் சரிவில் ஒட்டிக்கொண்டு மரம் தலைகீழாகத் தொங்கியது. மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த இடுக்கில் சூரியன். 'WELCOME' வாசலுக்குள் எறும்பு சைசில். எல்லாம் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் அடங்கிவிட்டது. மிச்சத் திரை வெள்ளைவெளேர் என்று கிடந்தது.

"அங்கிள், சூரியன் மேல வானத்துல இருக்கணும்."

"அங்க போட்டா நடுவுல இவ்ளோ எடம் வேஸ்ட்டா போவுதேம்மா."

"அது வேஸ்ட் இல்ல அங்கிள். அது வானம்."

"வானம்னா? சும்மா காலியா வுட்டுடறதா?"

"வானம் காலியாத்தான் இருக்கும்!"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். இத்தனை பெரிய பொருளை இவ்வளவு அலட்சியமாக நடத்துகிறார்களே என்ற வேதனை அவர் முகத்தில் இருந்தது. "பாரு சார், நான் வரைஞ்ச மாதிரி வரைஞ்சா மிச்சத்துல இன்னும் பதினொரு வூடு எடுக்கலாம்" என்றார். மிஸ் பத்துக்கு எட்டு போட்டாள். எனக்கு ஆறு. வானத்தைத் தாராளமாகச் செலவு செய்தவனுக்கு ஆறு, கஞ்சத்தனம் பண்ணியவருக்கு எட்டு.

அன்றைக்கு என் படத்தைப் போனில் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய ஒரு சின்னப் படம் பதிலாக வந்தது. அதை அனுப்பியது பேரனாகக்கூட இருக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் கீழே டீக்கடைக்குப் போவது வழக்கமாயிற்று. ஏழு மணிக்கு மேல் இன்னும் அரை மணி நேரத்தைக் கொல்ல எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். மாஸ்டர் ஒரு கையை எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் வைத்திருப்பார். ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

"நான் பொழுது போகாம வர்றேன் மாஸ்டர். நீங்க எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு படம் வரையணும் சார். அத்த கத்துக்கினா நின்னுடுவேன்."

"என்ன படம்?"

அவர் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். பிறகு, எதிர் டேபிள் பாயைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து வருடத்தில் இருபத்தெட்டு வருடம் அவருக்கு நேர் எதிர் மேஜையில் நின்று தோல் வெட்டியவர் அந்த பாய். ஒரே தோலை இரண்டாகப் போட்டு, இவர் இடது கால் ஷூவுக்கும் அவர் வலது கால் ஷூவுக்கும் வெட்டுவார்களாம். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். அதில் மீன் குழம்பு மட்டும் தனி. பாய்க்கு மீன் ஆகாது. ஓய்வு பெற்றதும் பாயை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போன வருடம் பாய்க்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது.

"போன் பண்ணுவேன் சார். பையன் காதுல வெப்பான். 'டேய் பாய், நான்டா'ம்பேன். அந்தப் பக்கம் மூச்சு வரும். மூச்சுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"போனேன். கரண்டு மீட்டர் பாக்க வந்தவன பாக்கற மாதிரி பாத்தான் சார். மருமவ டீ குடுத்துச்சு. குடிச்சிட்டு சாயங்கால ட்ரெய்ன்ல வந்துட்டேன். அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியலன்னு சொல்றாங்க. டாக்டரும் அத்தத்தான் சொல்றாராம்." பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "மூஞ்சி மறந்திருப்பான் சார். இருபத்தெட்டு வருசம் என் மூஞ்சிய அவன் எங்க பாத்தான்? குனிஞ்சு மேஜையத்தானே பாத்தான். என் வெட்டு மறந்திருக்காது."

ஆக, அந்தப் படம் இதுதான். ஒரு தோல். அதன் மேல் ஒரு ஜோடி ஷூவின் துண்டுகள்: முன்முகம் இரண்டு, பக்கத் துண்டுகள் நான்கு, குதிகால் பட்டி இரண்டு. எல்லாம் மாஸ்டரின் பாணியில் இடித்துக்கொண்டு. அதைப் பார்த்தால் பாய்க்குத் தெரிய வேண்டும், எதிர் மேஜையில் ஆள் இன்னும் நிற்கிறான் என்று.

"இதுக்குப் போய் கம்ப்யூட்டர் எதுக்கு மாஸ்டர்? ஒரு பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பினா ஆச்சு."

மாஸ்டர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து டீ கிளாசைப் பிடித்தார். கிளாசுக்குள் டீ குதித்தது. கொஞ்சம் விரலில் ஊற்றிக்கொண்டது. அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, கையைத் திரும்பவும் பாக்கெட்டுக்குள் அனுப்பினார்.

"ரெண்டு வருசமா ஆடுது. பேப்பர்ல கோடு போட்டா கோடும் ஆடுது சார். பாய் பாத்தா மொதல்ல அத்தத்தான் கண்டுபுடிப்பான். மிஷின்ல நம்பர் குடுத்தா கோடு நேரா போவுது பாரு."

"வேணும்னா நான் வரைஞ்சு தரட்டுமா?"

மாஸ்டர் என்னைக் கனிவோடு பார்த்தார். "உங்க வூட்டத்தான் பாத்தேனே சார்" என்றார்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. இந்த விஷயம் ஷபானா மிஸ்ஸுக்கும் தெரிந்துவிட்டதால், பாடத்திட்டம் எங்களுக்கு மட்டும் தனி ரூட்டில் போனது. சதுரத்துக்கு நான்கு வரி போதும். ஷூவின் முன்முகம் என்பது வளைந்து, நெளிந்து, திடீரென்று உள்ளே வாங்கிக்கொள்கிற ஒரு வடிவம். ஒரு துண்டுக்கே நாற்பது வரி. மாஸ்டரின் விரல் ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று எழுத்து விழும். மூன்றில் இரண்டை அழிக்கப் போனால் ஐந்து அழியும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம். ஓட்டிப் பார்த்தால் கீழே சிவப்பு எழுத்தில் தப்பு என்று வரும்.

"ரிஜெக்ட் பண்ணிட்டான்" என்பார் மாஸ்டர், மனம் தளராமல். "செக்கிங்ல இவ்ளோ கறாரா இருக்கான்னா நல்ல கம்பெனிதான் சார்."

நான் தட்டித் தருகிறேன் என்று ஒரு நாள் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "நீங்க தட்டினா அது உங்க வெட்டு. ஸ்பெல்லிங் மட்டும் சொல்லுங்க போதும்." ஆகவே நான் ஸ்பெல்லிங் சொன்னேன். இங்கிலீஷ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தப் படிப்பால் யாருக்கும் இவ்வளவு பிரயோஜனப்பட்டதில்லை.

இடது கால் துண்டுகள் முடிய ஒரு மாதம் ஆனது. ஷபானா மிஸ் சந்தோஷமாக, "இனிமே ஈஸி அங்கிள். இதையே காப்பி பண்ணி ஒட்டிட்டா ரைட் ஷூவும் வந்துடும்" என்றாள்.

மாஸ்டர் அதிர்ந்துபோனார். "ரெண்டும் ஒரே மாதிரி வெட்டினா போட்றவன் காலு இன்னாத்துக்கும்மா ஆவும்?"

"ஐயோ, ஆமால்ல" என்று மிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாத் திருப்பங்களையும் மாற்றிப் போட வேண்டும். இடப்பக்கம் திரும்பு என்ற இடத்திலெல்லாம் வலப்பக்கம். இன்னொரு மாதம்.

கடைசியில் கலர். முன்முகம் அடர்ந்த சிவப்பு, பக்கங்கள் பழுப்பு, குதிகால் பட்டி கறுப்பு. அப்புறம் எழுத்து. ஷபானா மிஸ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. "பாய் உருதுதானே படிப்பாங்க? அவங்க பேர உருதுல நான் போட்டுத் தர்றேன் அங்கிள்."

மாஸ்டர் யோசித்தார். "பேரு வேணாம்மா. வூட்ல எல்லாரும் பேரச் சொல்லித்தானே கூப்ட்டுப் பாக்கறாங்க" என்றார். பிறகு, தானே தட்டுத்தடுமாறித் தட்டினார். இடது முன்முகத்தில் '42 L'. வலது முன்முகத்தில் '42 R'. சாம்பிள் ஜோடி எப்போதும் அந்த சைசில்தான் வெட்டுவார்களாம்.

ஓட்டினோம். அம்புக்குறி கிளம்பியது. வளைந்தது, நெளிந்தது, ஒரு துண்டை முடித்துவிட்டு அதன் முதுகை உரசிக்கொண்டே அடுத்ததைத் தொடங்கியது. காதில் ஒயர் மாட்டிய பிள்ளைகளில் ஒருவன் ஒயரைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். கோடுகள் ஒவ்வொன்றும் அவ்வளவு நேராக, அவ்வளவு துல்லியமாக விழுந்தன. மாஸ்டர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு நல்ல வேலைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயின் மகனிடம் மாஸ்டர் நம்பர் வாங்கித் தர, படத்தை ஷபானா மிஸ் தன் போனிலிருந்து பாயின் பேத்திக்கு அனுப்பினாள். அந்தப் பெண் பெங்களூரில் கல்லூரியில் படிக்கிறாள். தாதாவிடம், அதாவது தாத்தாவிடம், காட்டுகிறேன் என்று உடனே பதில் வந்தது. அதோடு சரி.

மறுநாள் மாஸ்டர் படியேறும்போதே, "வந்துச்சாம்மா?" என்றார். வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் கேட்கவில்லை. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். டீக்கடையில் நான் என் கைவசம் இருந்த நகைச்சுவையெல்லாம் எடுத்துவிட்டேன். பத்திரிகையில் வந்து நீங்கள் ஏற்கெனவே சிரிக்காமல் விட்டவைதான். அவரும் சிரிக்கவில்லை.

"இதுவும் தெரியலன்னா வுட்டுடலாம் சார்" என்றார். "அப்புறம் அவனப் போட்டு பேஜார் பண்ணக் கூடாது. வாரா வாரம் போன் பண்றதும் நிறுத்திடணும். மூச்சு வாங்கறான் பாவம்."

ஐந்தாம் நாள், வகுப்பின் நடுவில், ஷபானா மிஸ்ஸின் போனுக்குப் பேத்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது. மிஸ் சத்தமாக வைத்தாள்.

"அக்கா, சாரி, தாதாவுக்குக் காய்ச்சல் இருந்துச்சு, இன்னிக்குத்தான் காட்டினேன். அவரு என்னமோ பண்றாருக்கா. படத்து மேல ஒரு எடத்துல விரல வெச்சுட்டு எடுக்கவே மாட்டேங்கறாரு. பெருசாயிடுது, நான் திரும்ப சின்னதாக்கிக் குடுக்கறேன், மறுபடியும் அங்கயே வெக்கிறாரு. அரை மணி நேரமா இதே வேலை. எங்களுக்கு ஒண்ணும் புரியல. போட்டோ அனுப்பறேன், அங்கிள்கிட்ட காட்டுங்க."

போட்டோவில் சுருங்கிய ஒரு விரல். நகம் தடித்து, ஒரு பக்கம் உடைந்திருந்தது. அது வலது பக்கத் துண்டுக்கும் கறுப்புப் பட்டிக்கும் நடுவில் அழுத்தி நின்றது. மாஸ்டர் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். போன் ஆடியது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தார். அப்புறம் தன் மானிட்டரைப் பார்த்தார். அப்புறம் போனை.

"அடப்பாவி" என்றார் மெதுவாக.

"என்ன மாஸ்டர்?"

"பட்டியத் திருப்பிப் போட்டிருந்தா ரெண்டு நூல், கால் இஞ்சு, உள்ள போயிருக்கும் சார்! அந்த எடம் வேஸ்ட்டு!" நாற்காலி பின்னால் விழ எழுந்துவிட்டார். "எதிர் மேஜையில நின்னுகினு இதேதான் பண்ணுவான். வாயத் தெறக்க மாட்டான். மிஷின் சத்தத்துல தெறந்தாலும் கேக்காது. நான் துண்டுகள வெச்சு முடிச்சதும் சுத்தி வருவான், வேஸ்ட் ஆவுற எடத்துல விரல வெப்பான், போயிடுவான். திட்றான் சார்! என்னியத் திட்றான்!"

கல்லூரிப் பிள்ளைகள் நால்வரும் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். தன்னை ஒருவன் திட்டுகிறான் என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஷபானா மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத பலகையை ரொம்ப நேரம் அழித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், போன் வருவதற்கு முன்னால் நானே புனேவுக்குப் போட்டேன். "என்னாச்சு? உடம்பு கிடம்பு?" என்று பதறினாள் மனைவி. ஒன்றுமில்லை, குழம்புக்கு உப்பு ஜாஸ்தியாகிவிட்டது, என்ன பண்ணுவது என்று கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் திட்டினாள். நான் குழம்பே வைத்திருக்கவில்லை.

பட்டியைத் திருத்தி அனுப்பினார் மாஸ்டர். விரல் வேறோர் இடத்துக்கு நகர்ந்து வந்தது. அதையும் திருத்தினார். பிறகு செருப்பு, அதற்குப் பிறகு குழந்தைகள் ஷூ, அதற்கும் பிறகு கணுக்கால் வரை வரும் பூட்ஸ். மாதம் ஒரு படம் போகும், ஒரு விரல் வரும். "மூணு நூலு கம்மி பண்ணலாமாம்" என்று திட்டு வாங்கிய கதையை டீக்கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். வகுப்பு முடிந்து சான்றிதழும் வந்தது. 'ஒரே படம் வரைந்தால் நின்றுவிடுவேன்' என்றவர் மறுபடியும் அதே ஆரம்பநிலை வகுப்பில் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். எங்களுக்கு எத்தனை சான்றிதழ் கொடுப்பது என்று ஷபானா மிஸ் கேட்டதற்கு, ஒன்றே போதும், பேப்பர் வேஸ்ட் என்றார் மாஸ்டர்.

ஒரு வினை மட்டும் வந்தது. ஏழெட்டுப் படங்களுக்குள் மாஸ்டர் கற்றுத் தேறிவிட்டார். போன மாதம் அவர் அனுப்பிய பூட்ஸ் படத்தில் நூல் நுழைய இடமில்லை. அவர் வாழ்க்கையிலேயே அப்படியொரு வெட்டு வெட்டியதில்லை என்று அவரே சொன்னார். பேத்தியிடமிருந்து பதில் வந்தது.

"அங்கிள், தாதா ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் போனக் கவுத்து வெச்சுட்டாரு."

"விரலு?"

"வெக்கல அங்கிள். ஒண்ணுமே பண்ணல. தூங்கப் போயிட்டாரு."

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் டீக்கடையில் கதை சொல்லவில்லை. படம் நன்றாக இருந்ததால்தானே திட்டவில்லை, அது பாராட்டுதானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். "தெரியும் சார்" என்றார். "ஆனா ஒண்ணும் சொல்லலயே."

நேற்று அடுத்த படத்தை முடித்தார். ஆண்கள் ஷூ, பழைய 42. ஓட்டினார். அம்புக்குறி வளைந்து நெளிந்து எட்டுத் துண்டுகளையும் போட்டு, கலர் நிரப்பி, எழுத்தையும் எழுதிவிட்டு நின்றது. இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்கும் கண் பழகிவிட்டது. பார்த்த உடனே தெரிந்தது. இடது முன்முகத்துக்கும் பக்கத் துண்டுக்கும் நடுவில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு, தாராளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. இந்த மனிதர் முப்பத்தைந்து வருடத்தில் அவ்வளவு பெரிய இடத்தை எந்தத் தோலிலும் விட்டிருக்க மாட்டார்.

சொல்லலாம் என்று கையைத் தூக்கிவிட்டேன். மாஸ்டர் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். கலர் நல்லா வந்திருக்கு" என்றேன். "அனுப்புங்க."